படகுக்காரருக்குப் பத்துக்கு எத்தனை

படகுக்காரர் எங்கள் ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நான் அவரை முப்பத்தொரு முறை கொன்றிருந்தேன், அதில் கடைசி முறை அன்று மதியம் சாப்பிட்ட கை காய்வதற்குள் நடந்தது, ஆகவே மாலை ஆறு மணிக்கு அவர் எங்கள் துறையில் படகைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது அவரை முதலில் அடையாளம் கண்டவன் நானாக இருந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

நாணல்துறை கொள்ளிடத்தின் தென்கரையில் இருக்கிறது. கடைத்தெருவில் தளிர் ஸ்டூடியோ என்னுடையது. கல்யாண ஆல்பம் செய்வதற்கென்று வாங்கிய பெரிய கம்ப்யூட்டர் ஆல்பம் இல்லாத மாதங்களில் சும்மா கிடப்பதைப் பொறுக்கமாட்டாமல் நாற்பத்தெட்டாவது வயதில் வீடியோ கேம் ஆடத் தொடங்கினேன், இப்போது ஐம்பத்து நாலு. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறுவரை ராகு காலம், அந்த நேரத்தில் பெண் போட்டோ எடுக்க எவரும் வரமாட்டார்கள், ஆகவே அந்த ஒன்றரை மணி நேரம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூன்று பேர் உட்கார்ந்து அந்த வாரம் ஆடியதைப் பற்றிப் பேசுவோம். நான், உரக்கடை சாதிக் பாய், அக்கரைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் மங்கையர்க்கரசி டீச்சர். பாய் பந்தாட்டமும் கார் ஓட்டமும் ஆடுவார். டீச்சர் தோட்டம் போடும் ஆட்டம் ஒன்றை மூன்று வருடமாக ஆடிக்கொண்டிருந்தார்.

"வீட்டுல ஒரு கறிவேப்பிலக் கன்னு பொழைக்கல, போன்ல நாப்பது ஏக்கரு" என்பார் பாய்.

"அங்க உங்க கடை உரம் போடல பாய், அதான் வெளையுது" என்பார் டீச்சர்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. எந்த ஆட்டமானாலும் நல்லது ஒன்று சொல்ல வேண்டும், நொட்டை ஒன்று சொல்ல வேண்டும், பிறகு பத்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும்.

நான் அப்போது ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்துக்கு 'மறுகரை' என்று பெயர். அதில் ஒரு ஆறு வரும், ஒரு சுற்று ஆடி முடிக்க அதை ஒன்பது முறை கடக்க வேண்டும், கடத்துகிறவர் இடுப்பில் சிவப்புத் துணி கட்டிய ஒரு படகுக்காரர். அவர் கழியை ஊன்றி மெல்லத் தள்ளிக்கொண்டே ஒரு கதை சொல்வார், கதை பதினோரு நிமிடம், கதை முடியும்போதுதான் கரை வரும், அதைத் தாண்டிப் போக ஒரு பொத்தானும் கிடையாது. இரண்டாவது முறையே எனக்குப் பொறுக்கவில்லை. கையில் வில் இருந்தது. ஒரு அம்பு விட்டுப் பார்த்தேன், அவர் சத்தமில்லாமல் தண்ணீரில் விழுந்தார், படகு தானாக ஓடி ஒரே நிமிடத்தில் கரை சேர்ந்தது, தண்டனை ஒன்றுமில்லை, மறுபடி ஆற்றுக்கு வந்தால் அவர் மறுபடி அங்கே நின்றிருந்தார். அந்த ஞாயிறு இதை நான் என்னமோ பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னேன். பாய் அதைக் குவைத்திலிருக்கும் தன் மச்சானுக்குச் சொன்னார், மச்சான் ஆட்டக்காரர்களின் குழு ஒன்றில் போட்டார், இரண்டு வாரத்தில் உலகம் முழுக்க அந்த மனிதரைக் கொன்றுவிட்டுத்தான் ஆற்றைக் கடந்தது. பாய் எனக்கு ஐடியா குணா என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அந்த மனிதர்தான் வந்திருந்தார். நடு மார்பில் ஒரு துளை இருந்தது, ரத்தமில்லை, அதன் வழியே அக்கரைத் தென்னை ஒன்று தெரிந்தது. முப்பத்தொரு அம்பும் ஒரே இடத்தில் பட்டிருந்தது. நான் நன்றாகக் குறிபார்ப்பவன்.

பாலம் போன வருட வெள்ளத்தில் இறங்கிப்போய் மூடிக் கிடந்தது, அக்கரைக்குப் போக முப்பத்தெட்டு கிலோமீட்டர் பஸ்ஸில் சுற்ற வேண்டும், ஆகவே படகு எங்கிருந்து வந்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, எத்தனை பேர் ஏறலாம் என்றுதான் கேட்டார்கள். நர்சம்மா துளையைப் பார்த்துவிட்டு எதற்கும் இருக்கட்டுமென்று ஒரு டிடி ஊசி போட்டார். கீழத்தெரு டெய்லர் துளை தெரியாதபடி நெஞ்சு மூடிய பனியன் ஒன்று தைத்துக் கொடுத்தார். ஆதார் எடுக்க அழைத்துப் போனார்கள், விரல்கள் கண்ணாடி போல வழவழவென்றிருந்தன, கொத்தனாருக்கும் இப்படித்தான் ரேகை விழாது என்று சொல்லி ஆதார் எடுக்கும் பையன் அடுத்த கேள்விக்குப் போனான், பிறந்த தேதிக்குப் பள்ளிக்கூடத்தில் பாதி ஊருக்குப் போட்ட ஜூன் ஒன்றாம் தேதியையே போட்டார்கள், தகப்பனார் பெயர் கேட்டபோது அவர் ஆற்றைப் பார்த்ததால் கொள்ளிடம் என்று எழுதிக்கொண்டார்கள். ரேஷன் கார்டுக்கு என் ஸ்டூடியோவில்தான் போட்டோ எடுத்தோம். ஸ்டூலில் உட்கார்ந்து, எல்லோரையும் பார்ப்பதுபோலவே என்னையும் பார்த்தார். எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். முகத்தைக் கொஞ்சம் தூக்கச் சொன்னேன், தூக்கினார்.

ஆட்டத்தில் ஆங்கிலம் பேசியவர் இங்கே எங்கள் பேச்சையே பேசினார், ஆனால் இரண்டே பேச்சுத்தான், ஒன்று "ஏறிக்கங்க", மற்றது அந்தக் கதை. ஆறு பெருகி ஓடினாலும் வற்றிக் கிடந்தாலும் பதினோரு நிமிடம். நடுவில் யாராவது பேசினால் கதை நிற்கும், கதை நின்றால் படகு நிற்கும், ஒருமுறை பால் சொசைட்டிக்காரருடைய போன் அடித்துக்கொண்டே இருந்ததில் படகு நடு ஆற்றில் நட்ட கல்லாக நின்றது.

முதல் வாரம் ஊர் அவரைக் கும்பிட்டது. இரண்டாவது வாரம் பாராட்டியது. மூன்றாவது வாரம் கருத்துச் சொல்லத் தொடங்கியது.

இதை எழுதும்போது இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. முப்பத்தெட்டு கிலோமீட்டரைப் பதினோரு நிமிடமாக்கித் தந்த ஒரு மனிதரைப் பற்றி, இறங்கிய கையோடு, டீக்கடையில் நின்றுகொண்டு, வாயில் பஜ்ஜியை வைத்துக்கொண்டு, படகு பரவாயில்லை கதை இழுவை என்றார்கள். ஆரம்பம் சரியில்லை என்றார்கள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை என்றார்கள். கதையில் ஒரு சண்டை வேண்டாமா என்று ஒருவர் கேட்டார், அவர் தூங்கிக்கொண்டே வருபவர். கரை தெரிந்ததும் பஸ்ஸில் இடம் பிடிக்க முழங்கால் தண்ணீரில் குதித்து ஓடுகிற கூட்டம், கடைசி வாக்கியம் காலிப் படகுக்குச் சொல்லப்பட்டுக்கொண்டிருந்தது, அதைக் கேட்காதவர்கள்தான் முடிவு சொதப்பல் என்றார்கள். எங்கள் விதி எப்படியோ ஊருக்கே பரவியிருந்தது. நல்லது ஒன்று, நொட்டை ஒன்று, பத்துக்கு எத்தனை. படகுக்கு ஏழு, ஆளுக்கு மூணு என்று எங்கள் ராகு காலக் கூட்டத்தில் பாய் சொன்னார். நான் என்ன சொன்னேன் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். மூணரை என்றேன்.

இதற்கிடையில் ஆட்டத்தில் அவர் இல்லாமல் போயிருந்தார். எவர் கம்ப்யூட்டரில் திறந்தாலும் ஆற்றோரம் காலிப் படகு நின்றது, ஏறினால் ஒரே நிமிடத்தில் அக்கரை. தொல்லை ஒழிந்தது என்று உலகமெங்கும் நன்றி சொல்லியிருந்தார்கள். ஒருவர் கூட அவர் எங்கே என்று கேட்கவில்லை. பக்கம் பக்கமாகத் தேடிப் பார்த்தேன், கேட்கவில்லை.

பிறகு வார்டு மெம்பர் தனவேலின் மருமகளுக்கு இடுப்பு வலி கண்டது. அக்கரை ஆஸ்பத்திரிக்குப் படகில் கொண்டுபோனார்கள், ஒன்பதாவது நிமிடத்தில் படகிலேயே குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகமாக இருந்தார்கள், பிள்ளை அழுததற்குக் கூடப் படகு ஒரு நிமிடம் நின்றதென்று தனவேல் கொதித்துப் போனார். கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்.

"யாரு மேலயும் எனக்கு வெறுப்பு கெடையாது" என்றார் தனவேல். "ஆனா நாளைக்கு ஒரு நெஞ்சுவலிக்காரன் போறான்னு வைங்க. இவரு கத சொல்லிக்கிட்டு நின்னா? குணாண்ணே, நீங்க எந்திரிங்க. இதுக்கு வழி கண்டுபிடிச்சவரே நீங்கதான்னு பாய் சொன்னாரு."

எழுந்தேன். முந்நூறு பேர் பார்த்தார்கள்.

"ஆளத் தள்ளிவிட்டா படகு ஒரு நிமிஷத்துல போயிரும், சரியா?"

"ஆட்டத்துல போகும்."

"விழுந்தவரு திரும்ப வந்துருவாரா, மாட்டாரா? அத மட்டும் சொல்லுங்க."

"ஆட்டத்துல வருவாரு."

ஆட்டத்துல என்ற சொல்லை அந்த மண்டபத்தில் ஒரு காதும் கேட்கவில்லை. வருவாரு என்பதைக் கேட்டுக் கை தட்டினார்கள். இன்னொரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். உட்கார்ந்துவிட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததை நான் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன், பயமா, கூச்சமா, இல்லை ஐடியா குணா என்று முந்நூறு பேர் முன்னால் நிற்பதிலிருந்த சுகமா. சுகம்தான் என்று தோன்றுகிறது.

மறுநாள் காலை தள்ளினார்கள். படகு நடு ஆற்றைத் தொட்டதும் தனவேல் எழுந்து, "சாமி, கோச்சுக்காதீங்க" என்று தோளில் கைவைத்தார். படகுக்காரர் விழுந்தார், படகு பறந்தது, எல்லோருக்கும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. அதற்கடுத்த நாள் விடிந்தபோது நனைந்த பனியனோடு அவர் துறையில் நின்றிருந்தார். "ஏறிக்கங்க" என்றார். ஒருமுறை தள்ளிவிட்டால் அன்று மாலை வரை படகே தானாகப் போய்வந்தது, நாளுக்கு ஒருமுறை தள்ளினால் போதும்.

எங்கள் ஊர் மோசமான ஊர் இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். மோசமானவர்கள் செய்திருந்தால் ஊரை ஏசிவிட்டுப் போயிருப்பேன். தினமும் ஒருவரே தள்ளினால் அவருக்குப் பாவம் சேரும் என்று தெருவாரியாக முறை போட்டுக்கொண்டார்கள், தண்ணீர் திறக்கும் முறை எழுதுகிற அதே பலகையில் தள்ளும் முறையும் எழுதினார்கள். விழுகிறவர் நனைகிறாரே என்று துறையில் ஒரு துண்டு தொங்கவிட்டார்கள். மகளிர் குழுவிலிருந்து ஒரு தூக்கில் கஞ்சி வந்தது. விழும்போது தலையில் அடிபடக் கூடாதென்று படகின் ஓரத்தில் சைக்கிள் டயர் கட்டினார்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை, வாங்க போங்க என்றுதான் பேசினார்கள், வாங்க என்று சொல்லித்தான் தள்ளினார்கள்.

மங்கையர்க்கரசி டீச்சர் மட்டும் அன்றிலிருந்து ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்து முப்பத்தெட்டு கிலோமீட்டர் சுற்றிப் பள்ளிக்கூடம் போனார். எங்கள் ராகு காலக் கூட்டத்துக்கும் வரவில்லை. நாலாவது ஞாயிறு ஐந்து மணிக்குப் பாதி இறக்கியிருந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தார், உட்காரவில்லை.

"இன்னைக்கு ஞாயிறு, படகு போவாதுல்ல, நான் போயி அதுல உக்காந்துக்கிட்டு அவரக் கத சொல்லச் சொன்னேன்" என்றார். "மூணு நிமிஷத்துல முடிஞ்சிருச்சி."

"நல்லதுதானே டீச்சர்" என்றார் பாய். "இன்னும் பத்து நாளு போனா தள்ளவே வேணாம் போல."

"ஒவ்வொரு தடவ விழும்போதும் கொஞ்சம் கத போயிருது பாய். எழுந்து வர்றதுக்கு அத ஒவ்வொண்ணாக் குடுத்துக்கிட்டு இருக்காரு. தீந்துபோச்சின்னா என்னத்தக் குடுத்து வருவாரு?"

பாய் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைத் துடைக்கத் தொடங்கினேன்.

"கத எதப் பத்தி, சொல்லுங்க பாக்கலாம்" என்றார் டீச்சர். "பாய், நீங்க? நாப்பது தடவ போயிருப்பீங்க."

"ஒரு பொம்பள வரும்..."

"குணா சார்? நீங்க இங்கயும் கேட்டீங்க, உங்க கம்ப்யூட்டர்லயும் கேட்டீங்க."

எனக்கு ஒரு வரி கூட வரவில்லை.

"மூணரை குடுத்தீங்கல்ல" என்றார் டீச்சர். "எதுக்குக் குடுத்தீங்க?"

நான் சொன்ன பதிலை எழுதக் கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். ஆட்டத்தில் எல்லோரும் செய்வதுதானே, ஆட்டம் அனுமதிக்கிறதே, வேண்டாமென்றால் ஆட்டத்தை உருவாக்கியவர்கள் தடுத்திருக்கலாமே என்றேன். டீச்சர் என் பின்னால் தொங்கிய போட்டோத் திரையைப் பார்த்தார், அதில் மலையும் அருவியும் வரைந்திருக்கும்.

"நானும் ஒண்ணும் ஒழுங்கில்ல சார்" என்றார். "பேப்பர் திருத்திக்கிட்டேதான் கேட்டேன். ஆனா அம்பது, அறுபது தடவ காதுல விழுந்தது வாய்ப்பாடு மாதிரி நின்னுபோச்சி. வேற ஒண்ணுமில்ல." குனிந்து வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிறு நீங்கலாகப் பதினோரு நாள் தள்ளினார்கள். நான் தடுக்கவில்லை, ஸ்டூடியோவில் உட்கார்ந்து கோபப்பட்டுக்கொண்டிருந்தேன், கோபப்படுவதே ஒரு காரியம் என்று ஐம்பது வருடமாக நம்பி வந்தவன். பன்னிரண்டாவது நாள் சனிக்கிழமை, பலகையில் மேலத்தெரு, குணசீலன் என்று என் பெயர் எழுதியிருந்தது.

அன்றைக்குப் படகில் பதினெட்டு பேர். தனவேல் இருந்தார், பாய் இருந்தார், அக்கரையில் பாஸ்போர்ட் முகாமுக்குப் போகிற நாலு பேர் இருந்தார்கள். படகுக்காரர் "ஏறிக்கங்க" என்றார். கழியை ஊன்றினார். நீரோட்டம்தான் படகை நடு ஆறு வரை இழுத்துப்போனது, அதுவரை அவர் வாய் திறக்கவேயில்லை. பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"கத எப்படி இருந்திச்சி?"

படகு நின்றது.

கதையில் அவ்வளவுதான் மிச்சம். ஆட்டத்தில் நான் ஒருமுறை கூடக் காதில் வாங்காத கடைசி வாக்கியம், கரையில் எல்லோரும் குதித்து ஓடும்போது காலிப் படகுக்கு அவர் சொன்ன வாக்கியம் அதுதான். உலகம் முழுக்க அவரைப் பற்றிக் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் ஒரே ஒரு கருத்தைக் கேட்டுக்கொண்டுதான் இத்தனை நாளும் ஆற்றைக் கடந்திருந்தார். கருத்துச் சொல்கிறவர்கள் இருக்கிற ஊர் என்று தெரிந்துதான் எங்கள் துறைக்கே வந்தாரோ என்னவோ.

"நான் கேக்கலீங்க" என்றேன்.

அவர் காத்திருந்தார். படகு அசையவில்லை.

"தள்ளுங்கண்ணே, நேரமாவுது" என்றார் தனவேல்.

"தள்ளுனா இனிமே வரமாட்டாரு மெம்பர். குடுக்குறதுக்கு ஒண்ணும் இல்ல."

"வருவாருன்னு நீங்கதான சொன்னீங்க? தள்ளுங்க, இல்ல வெலகுங்க."

தனவேல் எழுந்தார். நானும் எழுந்து இருவருக்கும் நடுவில் நின்றேன், படகு ஆடியது. என் வாழ்நாளில் குரலை உயர்த்திப் பேசியவனில்லை. "உக்காருய்யா" என்றேன். அந்தச் சத்தத்தில் கரையோரக் கொக்குகள் எழும்பின. தனவேல் உட்கார்ந்தார், என்னைப் பார்த்துப் பயந்து அல்ல, ஸ்டூடியோக்காரனுக்கு இப்படி ஒரு குரலா என்ற திகைப்பில்.

போனை எடுத்து டீச்சரைக் கூப்பிட்டேன். சனிக்கிழமையும் சிறப்பு வகுப்பு இருந்தது, பஸ்ஸில்தான் இருந்தார்.

"டீச்சர், அவருகிட்ட கடைசி வரி மட்டும்தான் இருக்கு. நீங்க சொல்லணும். மொதல்லேந்து."

பஸ்ஸின் இரைச்சலோடு அவர் குரல் வந்தது.

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார்.

போனைப் படகுக்காரரின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். டீச்சர் வாய்ப்பாடு சொல்வதுபோல, ஏற்ற இறக்கமே இல்லாமல், நடுவில் விசில் ஊதுகிற கண்டக்டரைச் சட்டை செய்யாமல் சொல்லத் தொடங்கினார், படகு அசைந்தது.

ஒரே ஒரு கரை மட்டும் உள்ள ஆறு ஒன்று இருந்ததாம். அந்தக் கரை ஊர்க்காரர்கள் வேண்டாததையெல்லாம் ஆற்றில் தள்ளிவிடுவார்களாம், உடைந்த பானையை, கிழட்டு மாட்டை, பிடிக்காத சொல்லை. அதெல்லாம் எங்கே போகிறது என்று ஒருத்தி கேட்டாள், ஊர் சிரித்தது, அவள் தன் வீட்டுக் கதவைக் கழற்றி ஆற்றில் போட்டு ஏறிக்கொண்டாள். போகப் போகத் தண்ணீர்தான் இருந்தது. பயத்துக்குத் துணையாகத் தான் விட்டுவந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள், அடுப்பை, அடுப்பில் விட்டுவந்த பாலை, தன் பிள்ளையின் முதுகிலிருந்த மச்சத்தை. ஒவ்வொன்றையும் சொல்லும்போது தூரத்தில் ஒரு பிடி மண் சேர்ந்தது. அவள் வாய் ஓய்ந்தால் மண் கரைந்தது. சொல்லிச் சொல்லி, சொல்ல இனி ஒன்றுமில்லை என்று ஆனபோது கதவு கரையில் முட்டியது. இறங்கிப் பார்த்தாள், அங்கே கேட்க ஒரு ஆள் இல்லை. ஆகவே கதவைத் திருப்பினாள். யாராவது ஏறினால் முதலிலிருந்து சொல்லிவிட்டு ஒன்று கேட்கலாம் என்று திரும்பிப் போனாள்.

படகுக்காரர் கழியை ஊன்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார், இரவல் போன தன் சொந்தப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிவைப்பவரைப் போல உதடு மட்டும் அசைந்தது. பதினோரு நிமிடம். பாஸ்போர்ட் முகாமுக்குப் போகிறவர்கள் அசையவில்லை. பாய் துண்டால் முகத்தைத் துடைத்தார். போனில் பஸ்ஸின் இரைச்சல் கூட அடங்கிவிட்டது, டிரைவர் ஓரமாக நிறுத்தியிருந்தாராம்.

கரை முட்டியது. எவரும் குதிக்கவில்லை. அக்கரையில் பஸ் கிளம்பிப் போனது, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"கத எப்படி இருந்திச்சி?" என்று கேட்டார், என்னைத்தான் கேட்டார்.

எங்கள் விதி எனக்குத் தெரியும். நல்லது ஒன்று சொல்ல வேண்டும், பிள்ளையின் முதுகு மச்சத்தைச் சொன்னேன். நொட்டை ஒன்று சொல்ல வேண்டும். என் பெயரைச் சொன்னேன்.